திருநாள் விபத்துகளும் நட்டஈட்டுச் சட்டமும்: திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

திருநாள்களைப் பற்றி நம் ஆராய்ச்சியாளர் நிறைய எழுதியுள்ளனர். வழிபாட்டு முறை, கூத்து, பாடல், உணவு, உடை ஆகிய யாவும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின் திருநாளுக்கு மறுநாட் காலையில் மருத்துவமனையின் விபத்துப் பிரிவிற் கிடப்போரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. குடிபோதையிற் செலுத்தப்பட்ட வாகனத்தில் அடிபட்டுக் காலிழந்தவரும், பட்டாசு வெடித்துக் கண்ணிழந்த சிறுவனும் திருநாளின் சமூக வரலாற்றுக்கு உரியவர்களே. அவர்களுக்குச் சட்டம் எதைக் கொடுக்கின்றது, எதனை மறுக்கின்றது, அவ்வாறு கொடுப்பதும் மறுப்பதும் எவ்வரலாற்றிலிருந்து வந்தன என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாக்கள்.

இவ்வாராய்ச்சிக்குத் திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் வாழும் மாவட்டம் இது. தீபாவளி, நோன்புப் பெருநாள், வெசாக், சித்திரைப் புத்தாண்டு, நத்தார் என ஆண்டு முழுவதும் இங்குத் திருநாள்கள் வருகின்றன. விடுமுறை நாள்களிற் கோணேசர் ஆலயத்துக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் நிலாவெளிக் கடற்கரைக்கும் வெளியூர் வாகனங்கள் திரள்கின்றன. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் மா ஆலைக்கும் செல்லும் கனரக லொறிகளும் இதே வீதிகளில் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1795 முதல் 1957 வரை பிரித்தானியரின் கடற்படைத் தேவைகளே இத்துறைமுகத்தின் வாழ்வை நிர்ணயித்தன. எனவே அரசு, மூலதனம், உழைப்பு ஆகிய மூன்றும் காயப்பட்ட மனிதனை எவ்வாறு நோக்கின என்பதை இவ்வொரே இடத்திற் காணமுடிகின்றது.

2

வீதி விபத்தும் அதற்கான நீதியும் நம் இலக்கிய மரபுக்குப் புதியனவல்ல. மனுநீதிச் சோழன் கதையை நாம் யாவரும் அறிவோம். சிலப்பதிகாரத்திற் கண்ணகி வாய்மொழியாகச் சுட்டப்படும் இக்கதை, 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் விரிவு பெறுகின்றது. இளவரசன் தேரேறி வீதியுலாப் போகின்றான். கன்று சக்கரத்திற் சிக்கி மடிகின்றது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. மறையவர் விதித்த கழுவாய் போதுமென அமைச்சர் கூறுகின்றனர். அரசன் அதனை ஏற்காது மகனைத் தேர்க்காலில் இடுகின்றான். இதே கதை எல்லாளன் மீதேற்றி மகாவம்சத்திலும் கூறப்படுகின்றது. அநுராதபுரத்தில் அரசாண்ட அவனது மகன் திசவாவிக்குத் தேரிற் செல்லும் வழியிற் கன்று இறந்தது எனவும், அத்தேர்ச் சக்கரத்தினாலேயே மகனின் தலை துணிக்கப்பட்டது எனவும் அந்நூல் கூறுகின்றது.

இக்கதைகளின் நீதியுணர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தேரேறிச் செல்பவனும் தெருவிற் கிடப்பதும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும் என்ற மக்கள் வேட்கை அவற்றிலே ஒலிக்கின்றது. ஆயினும் இரு விடயங்கள் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, நீதி இங்கு அரசனின் குணநலத்தைச் சார்ந்து நிற்கின்றது. வேறோர் அரசனாயின் மணி அசைந்தும் பயனின்றிப் போயிருக்கும். பசுவுக்கு முறையிட மணி உண்டு, ஆனால் உரிமை இல்லை. இரண்டாவது, இழப்புக்கு ஈடு என்ற கருத்து இங்கு இல்லை. தண்டனை உண்டு, கன்றை மீட்பது தெய்வத்தின் வேலையாகி விடுகின்றது.

ஈடு என்ற கருத்து மகாவம்சத்தின் பிறிதொரு நிகழ்ச்சியில் வெளிப்படுகின்றது. எல்லாளனின் தேர் நுகம் பட்டுத் தூபி ஒன்றின் 15 கற்கள் பெயர்ந்தன. அரசன் தேரினின்று இறங்கித் தன் தலையை வெட்டுமாறு கூற, அமைச்சர் மறுத்துத் தூபியைச் செப்பனிடுமாறு வேண்டுகின்றனர். 15 கற்களுக்காக 15,000 கஹாபணம் செலவிடப்பட்டது என்கின்றது நூல். உயிரின் இழப்பு தண்டனையாலும், சொத்துடைய நிறுவனத்தின் இழப்பு நாணயத்தாலும் தீர்க்கப்படுவதை இங்குக் காண்கின்றோம். இழப்பு முதன்முதல் நாணயத்தில் எண்ணப்பட்டது சொத்துடையோர்க்கே என்பது இத்தீவில் மட்டுமன்றிப் பிறவிடங்களிலும் நிகழ்ந்த ஒன்றாகும்.

3

இன்று திருக்கோணமலை மாவட்ட நீதிமன்றத்திற் காயத்துக்கு நட்டஈடு கோரி ஒருவர் வழக்கிடும்போது, அவர் தம்மையறியாமலே பண்டைய உரோமாபுரியின் சட்டமொன்றைத் துணைக்கழைக்கின்றார். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனப் பொதுவாகக் கொள்ளப்படும் அக்குவீலியச் சட்டமே அது. ஒல்லாந்தர் தம் சட்டத்தை இலங்கையின் கரையோரங்களிற் பரப்பினர். 1795இல் திருக்கோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1799 செப்டெம்பர்ப் பிரகடனத்தின் மூலம் ஒல்லாந்தர் காலச் சட்டங்கள் தொடரும் என அறிவித்தனர். இவ்வாறே உரோம-ஒல்லாந்துச் சட்டம் நம் நாட்டின் பொதுச் சட்டமாயிற்று.

அக்குவீலியச் சட்டத்தின் தோற்றம் வர்க்க நோக்கில் மிகவும் சிந்திக்கத்தக்கது. பிறனொருவனின் அடிமையையோ மந்தையைச் சேர்ந்த நாற்கால் விலங்கையோ சட்டவிரோதமாகக் கொன்றவன், முந்திய ஓராண்டில் அதற்கிருந்த உச்ச விலையை உடைமையாளனுக்குச் செலுத்த வேண்டும் என்பதே அதன் முதல் விதி. அடிமையும் மாடும் அங்கு ஒரே வாக்கியத்தில் நின்றன. காயம் அடிமையினது, ஈடோ ஆண்டானுக்குரியது. சுதந்திர மனிதன் காயப்பட்டால் அவனுடலுக்கு விலையில்லை என உரோமச் சட்ட அறிஞர் கருதினர். மாடியிலிருந்து வீதியில் எறியப்பட்ட பொருளாற் காயமுற்றவருக்கு, வீட்டிற் குடியிருந்தவனின் பிழையை நிறுவாமலே ஈடு பெறும் தனிவழி ஒன்றை அவர்கள் வகுத்தனர். அவ்வழக்கிற்கூட மருத்துவச் செலவும் இழந்த உழைப்பும் கணக்கிடப்பட்டனவேயன்றித் தழும்புக்கும் உருச்சிதைவுக்கும் மதிப்பீடு செய்யப்படவில்லை. சுதந்திர உடல் விலைமதிப்பை ஏலாது என்பதே அதற்கு அவர் கூறிய காரணம்.

இது நமக்கு எங்கோ நிகழ்ந்த பழங்கதையன்று. 1707இற் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் இருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இலேயே. ஆகவே பிரித்தானிய ஆட்சியின் முதல் அரை நூற்றாண்டிலும் இந்நாட்டில் ஒரு பகுதி மக்களின் உடல் பிறரது உடைமைக் கணக்கில் இருந்தது.

காலப்போக்கில் ஒல்லாந்துச் சட்ட அறிஞர் இவ்வழக்குரிமையைச் சுதந்திர மனிதருக்கும் விரித்தனர். வேதனைக்கும் உருச்சிதைவுக்கும் ஈடு கோரலாம் என்றனர். உழைப்பாளி இறந்தால் அவரிற் தங்கி வாழ்ந்தோர் வழக்கிடலாம் என்றனர். இவ்விடயத்தில் ஆண்டவரின் சொந்தச் சட்டம் பின்தங்கியே நின்றது. 1808இல் இங்கிலாந்திற் பயணிவண்டி ஒன்று கவிழ்ந்து மனைவியை இழந்த மதுக்கடைக்காரர் ஒருவர் வழக்கிட்டபோது, மனிதரின் மரணம் குடியியல் நீதிமன்றத்தில் இழப்பாக முறையிடத்தக்கதன்று என எலன்பரோ பிரபு தீர்ப்பளித்தார். இதனை மாற்ற 1846ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியதாயிற்று.

ஆயினும் விரிவடைந்த சட்டத்தில் அளவுகோல் எதுவாயிற்று என்பதே வினா. ஆண்டான் இழந்த அடிமையின் விலைக்குப் பதிலாக, உழைப்பாளி இழந்த கூலி அளவுகோலாயிற்று. முதலாளித்துவ உற்பத்தியில் மனித உழைப்பாற்றல் பண்டமாகின்றமையால் அதன் சேதமும் சந்தை விலையிலேயே எண்ணப்படுகின்றது. நாட்கூலிக்கு மூட்டை சுமக்கும் துறைமுகத் தொழிலாளியின் கையும் பெருவணிகரின் கையும் வலியில் ஒன்றே. ஆனால் வருமான இழப்பைக் கணிக்கையில் ஒன்றல்ல. சம்பளச் சீட்டு இல்லாத மீனவரும், கூலி பெறாது வீட்டில் உழைக்கும் பெண்ணும் தம் உழைப்பின் பெறுமதியை நிறுவுவதற்கே அல்லற்பட வேண்டியுள்ளது.

4

உரோம-ஒல்லாந்துச் சட்டம் பிரசைக்கு அளித்த இவ்வுரிமையும் ஓர் எல்லையில் வந்து நின்றது. அரசன் தவறு செய்யான் என்ற ஆங்கிலக் கோட்பாடே அவ்வெல்லை. முடிக்கெதிராகத் தீங்கியல் வழக்குத் தொடுக்க இயலாது என்பது நம் நீதிமன்றங்களில் நிலைநாட்டப்பட்டிருந்தது. 1913ஆம் ஆண்டின் கொழும்பு மின்சார டிராம் கம்பனி வழக்கும் அந்நிலைப்பாட்டை உறுதிப்படுத்தியது. ஏனைய நகரங்களில் இது சட்ட நூலுக்குரிய ஒரு நுட்பமாக இருந்திருக்கலாம். திருக்கோணமலையில் அது அன்றாட வாழ்வு. துறைமுகமும் கப்பற்றளமும் கடற்படை வாகனங்களும் முடிக்குரியன. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய காலத்தில் இப்பகுதி முழுவதும் படைமுகாமாக மாறியிருந்தது. அக்கால வீதியில் அரச லொறியில் அடிபட்ட ஒருவர், வாகனத்தின் உடைமையாளரான முடிமீது வழக்கிட முடியாது. ஓட்டுநர்மீது தனிப்பட வழக்கிடலாம். ஆயின் சாதாரணச் சிப்பாயிடமிருந்து அறவிடுவதற்கு யாதிருந்தது? தயவின் பேரில் ஏதும் வழங்கப்பட்டாற் பெற்றுக்கொள்ளலாம். மனுநீதியின் மணியோசை இங்குக் கேட்கின்றது: முறையிட இடமுண்டு, உரிமை இல்லை.

மது இவ்வமைப்புக்குப் புறம்பான ஒன்றன்று என்பதையும் குறித்தல் வேண்டும். பிரித்தானியக் கடற்படையில் மாலுமிகளுக்கு நாளாந்தம் ரம் அளந்து வழங்கும் வழக்கம் 1970 யூலை 31 வரை நீடித்தது. கடுமையான உழைப்பையும் கட்டுப்பாட்டையும் தாங்கச் செய்யும் கருவியாக அரசே மதுவைப் பங்கிட்டது. கரையிலோ சாராயக் குத்தகை குடியேற்ற அரசின் முக்கிய வருமான ஊற்றுகளுள் ஒன்றாயிருந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தையொட்டி எழுந்த மதுவிலக்கு இயக்கம், குடியேற்ற அரசுக்கெதிரான மக்கள் உணர்வுக்கும் வடிகாலாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

1957 ஒக்டோபரிற் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஆயின் கொடி மாறிய பின்னரும் கோட்பாடு மாறவில்லை. இங்கிலாந்து தன் நாட்டவர்க்கு 1947இலேயே முடிக்கெதிராக வழக்கிடும் உரிமையை வழங்கிவிட்டது. நம் நாட்டில் அது 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமே கிட்டியது. இன்று படை லொறி மோதினாற் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து அரசுக்கெதிராக வழக்கிடலாம் என்பது இவ்வளவு தாமதித்து வந்த உரிமை. அவ்வுரிமை வந்து நெடுங்காலம் ஆகுமுன்னரே போர் மூண்டது. 1983 முதல் 2009 வரையான ஆண்டுகளில் இம்மாவட்டத்து எளிய மக்கள் பலருக்கு நீதிமன்றம் செல்லும் பாதையே அச்சத்துக்குரியதாயிருந்தது.

5

தொழிலிடத்துக் காயம் பற்றிய சட்டம் வேறொரு வழியாக வந்தது. 1922இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் இலங்கைத் தொழிற்சங்கம் தோன்றியது. 1923இன் பொது வேலைநிறுத்தம், 1927இன் கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தம், 1929இன் டிராம் தொழிலாளர் போராட்டம் ஆகியன தொடர்ந்தன. 1931இற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. இச்சூழ்நிலையிலேயே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. முதலாளியின் பிழையை நிறுவ வேண்டியதில்லை. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் காயம் விளைந்தமையே போதும் என்பது அதன் அடிப்படை. அரசனின் அருளாலன்றி ஒழுங்கமைந்த உழைப்பின் வலிமையாற் பெறப்பட்ட நீதி இது. ஆண்டானுக்குரியதாயிருந்த ஈடு இங்கு உழைப்பாளிக்கே உரித்தாயிற்று.

எனினும் இச்சட்டத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மரணம் விளையாத காயமாயின், அது தொழிலாளி மதுபோதையில் இருந்தமையால் நேரடியாக விளைந்தது எனக் காட்டப்பட்டால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. திருநாளன்றும் வேலைக்கழைக்கப்பட்ட தொழிலாளி ஒருவர் பாரந்தூக்கியில் அகப்பட்டு விரலிழப்பதாகக் கொள்வோம். அவரது போதை அவரது உரிமையை அழிக்கின்றது. போதையை நாம் நியாயப்படுத்தவில்லை. மதுவரியை அரசு பெறுகின்றது, மது விற்ற இலாபத்தை மூலதனம் பெறுகின்றது, போதையின் முழுச் சுமையோ உடலை இழந்தவன் மீதே விழுகின்றது என்ற பொருளாதார உண்மையையே சுட்டுகின்றோம்.

6

வீதி விபத்துக்கு வருவோம். 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் வாகனக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கின. ஓட்டுநர் ஏழையாயினும் தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டும் என்ற இவ்வேற்பாடு பெரியதொரு முன்னேற்றமாகும். உடைமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கிலிருந்து அடிபட்டவரின் உரிமையை அது ஓரளவு பிரித்து வைத்தது. முன்னர் அடிபட்டவரிடமும் கவனயீனம் இருந்தால் அவரது கோரிக்கை முழுவதும் தோற்க இடமிருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதனை மாற்றி, பிழையின் அளவுக்கேற்ப ஈட்டைக் குறைத்து வழங்கும் முறையைப் புகுத்தியது. திருநாள் இரவில் தாமும் சிறிது குடித்துவிட்டு வீதியோரம் நடந்து செல்கையில் மோதுண்டவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் என்பது மதுவின் சட்ட எல்லை. அதனை மீறி வாகனம் செலுத்துவது குற்றம். கவனயீனத்தால் மரணம் விளைவித்தோருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு ஐந்தாண்டு வரையான சிறையை விதிக்கின்றது. பொதுமக்கள் பெரிதும் அறிந்தது நீதவான் நீதிமன்றத்தின் இக்குற்ற வழக்கையே. அங்குத் தண்டப்பணம் அறவிடப்பட்டவுடன் நீதி முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் தண்டப்பணம் அரசுக்குரியது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நட்டஈட்டுக் கட்டளை இடலாமெனினும், முழு இழப்புக்குமான வழி மாவட்ட நீதிமன்றக் குடியியல் வழக்கேயாகும். இரண்டும் வெவ்வேறு வழிகள். ஒன்று முடியும் வரை மற்றதற்காகக் காத்திருத்தல் ஆபத்தானது. ஏனெனில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இத்தகைய வழக்குகளுக்கு இரண்டாண்டுத் தவணையையே தருகின்றது. குற்ற வழக்கு நீண்டு செல்ல, அறுவைச் சிகிச்சைகளும் தொடர, அவ்விரண்டாண்டு கழிந்துவிடலாம். சட்டத்தை அறிந்தவர்க்கு அது தவணை. அறியாதவர்க்கு அது பொறி. காப்புறுதி நிறுவனத்துக்கு வழக்குப் பற்றி உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அத்தகையதே. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்கு வழக்காட உதவுகின்றது என்பது மருத்துவமனைக் கட்டிலிலேயே காயப்பட்டவர்க்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

7

பட்டாசுக் காயத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் அனுமதிப்பத்திர முறையை மையமாகக் கொண்டது. காயப்பட்டவர்க்கு ஈடு தேடித் தருவதன்று, வெடிபொருளின் ஆக்கத்தையும் களஞ்சியத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கு. எனவே கண்ணிழந்த சிறுவனின் பெற்றோர் பொதுச் சட்டத்தின்படி ஒரு பிழையாளியைத் தேட வேண்டும். கொளுத்தி எறிந்தவனா, சிறுவனிடம் விற்ற கடைக்காரரா, கூட்டத்தின் நடுவே வாணவேடிக்கை நடத்திய ஏற்பாட்டாளரா, திரியைப் பழுதாகச் செய்த ஆக்குநரா? யாரெனினும் கவனயீனத்தை நிறுவுதல் வழக்காளியின் கடன். வெடித்துச் சிதறிய பட்டாசு தன் சான்றையும் தானே அழித்துவிடுகின்றது.

அதனை ஆக்குவோரையும் நாம் மறத்தலாகாது. நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கிம்புலாப்பிட்டியிலும் தமிழகத்துச் சிவகாசியிலும் பட்டாசு என்பது வறிய குடும்பங்களின் வாழ்வாதாரம். சிவகாசிப் பகுதியில் 2012 செப்டெம்பர் 5ஆந் திகதி நிகழ்ந்த ஆலை வெடிப்பிலே தொழிலாளர் பலர் மாண்டனர். கேரளத்துப் பரவூர்ப் புற்றிங்கல் ஆலயத்தில் 2016 ஏப்பிரல் 10ஆந் திகதி வாணவேடிக்கையின்போது நிகழ்ந்த வெடிப்பிலே நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஆக்குமிடத்திலும் கொளுத்துமிடத்திலும் அபாயத்தைச் சுமப்போர் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் எம். சி. மேத்தா வழக்கில், அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனம் பிழை நிறுவப்படாமலே முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் எனவும், ஈட்டின் அளவு நிறுவனத்தின் பொருள் வலிமையோடு தொடர்புற வேண்டும் எனவும் கூறியது. போபால் நச்சுவாயுப் பேரழிவின் பின்புலத்திற் பிறந்த கோட்பாடு அது. 1991இல் இந்தியா பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சட்டத்தையும் இயற்றியது. காயப்பட்டவரின் கூலியை நோக்கிய கண், அபாயத்தால் இலாபம் பெற்றவரின் செல்வத்தை நோக்கித் திரும்பியமையே இக்கோட்பாட்டின் வரலாற்று முக்கியத்துவம்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். காயத்துக்கு ஈடு என்ற உரிமை தானாக முதிர்ந்த கனியன்று. அடிமைக்கும் மாட்டுக்கும் விலை குறித்த விதியாகத் தொடங்கி, கூலியை அளவாகக் கொண்டு விரிந்து, முடியின் வாசலில் 1969 வரை தடைப்பட்டு நின்றது. அது உண்மையாகவே மக்கள் பக்கம் நகர்ந்த இடங்களைப் பார்த்தால், வேலையாளர் நட்டஈடும் கட்டாயக் காப்புறுதியுமே முன்னிற்கின்றன. இரண்டிலும் தனிமனிதனின் இழப்பு சமூகத்தின் செலவாக ஏற்கப்பட்டது.

ஆகவே செய்யத்தக்கனவும் இவ்வரலாற்றிலிருந்தே புலனாகின்றன. வெடிபொருள் அனுமதிப்பத்திரத்தோடு கட்டாயக் காப்புறுதியும் இணைக்கப்படுதல் வேண்டும். 1871இல் விதிக்கப்பட்ட இரண்டாண்டுத் தவணை, குற்ற வழக்கு நிலுவையிலிருக்கும் காலத்துக்கேனும் நீட்டப்படுதல் வேண்டும். மதுவரியின் ஒரு பங்கு மதுவால் விளைந்த விபத்திற் காயமுற்றோருக்கான நிதியாக ஒதுக்கப்படுதல் வேண்டும். சம்பளச் சீட்டில்லாத உழைப்புக்கும் நியாயமான அளவுகோல் வகுக்கப்படுதல் வேண்டும்.

இவை நீதிபதிகளின் கருணையால் மட்டும் நிறைவேறுவன அல்ல. திருக்கோணமலையின் மீனவர் சங்கங்களும், துறைமுக, போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்களும், முச்சக்கர வண்டி ஓட்டுநரும், ஆலய, பள்ளிவாசல், விகாரை நிருவாகத்தினரும் இதனைத் தம் பொதுக் கோரிக்கையாக ஏற்க வேண்டும். 1934இன் சட்டத்துக்கு முன்னே 1920களின் வேலைநிறுத்தங்கள் நின்றன என்பதை அவர்கள் நினைவிற் கொள்வார்களாயின், இக்கோரிக்கையின் வழியும் அவர்களுக்குத் தெளிவாகும்.